கொடி விழுந்த இடத்தைப் பாருங்க, அப்புறம் கத்துங்க

டிஸ்கி: இது சாக்கர் பதிவு இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தை வைத்து முட்டி மோதி ஆடுகிறார்களே, அந்தக் கனடா ஃபுட்பால் பற்றியது. பிள்ளைகள் பள்ளிக்கூட டீமில் ஆடும் அப்பா அம்மாக்கள் முழுசாகப் படிக்கவும். திட்டுவதானால் படித்து முடித்துவிட்டுத் திட்டவும் :-)

ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் வந்தால் இந்தக் கூத்து ஆரம்பமாகிவிடுகிறது. எதிர் டீம் பந்தை உயர உதைக்கிறது. இங்கே ஒரு பையன் பிடித்துக்கொண்டு எழுபது யார்டு பறக்கிறான். நம் ஆட்கள் எல்லாரும் எழுந்து நின்று கூச்சல். டச் டவுன்! அப்புறம்தான் தெரிகிறது, பின்னால் எங்கேயோ புல்லில் ஒரு கொடி கிடக்கிறது. டச் டவுன் ரத்து. பந்து திரும்பி வருகிறது. உடனே கச்சேரி.

"உவங்கள் வேணுமெண்டுதான் செய்யிறாங்கள்" என்பார் யாழ்ப்பாணத்து அண்ணர். "ரெஃப்ரி காசு வாங்கிட்டான்டா" என்பார் நம்ம மூணாறுக்காரர். பாலக்காடு, சித்தூர்ப் பக்கத்து ஆள் சொல்வதை இங்கே எழுத முடியாது. மொத்தத்தில் தீர்ப்பு ஒன்றுதான்: நம் பிள்ளைகளை வேண்டுமென்றே அமுக்குகிறார்கள்.

என் கட்சி இதற்கு நேர் எதிர். கிக் ரிட்டர்னில் பெனால்டியை எந்த இடத்திலிருந்து எண்ணுகிறார்கள் என்ற விதி, இந்த ஆட்டத்திலேயே நியாயமான விதிகளில் ஒன்று. அது புரியாமல் வேலிக்கு வெளியே நின்று கத்துவதால் கெடுவது ரெஃப்ரி இல்லை, நம் பிள்ளைகள்.

முதலில் கணக்கு

நான் பி.காம். படித்தவன், பாங்கில் குப்பை கொட்டுகிறவன். எனக்கு இந்த விதி லெட்ஜர் மாதிரிதான் புரிந்தது. பழைய காலத்தில் கையால் கணக்கு எழுதியவர்களுக்குத் தெரியும். சாயங்காலம் கூட்டிப் பார்த்தால் உதைக்கிறது. என்ன செய்வோம்? முழுப் புத்தகத்தையும் கிழித்துப் போட மாட்டோம். எந்த வரியில் பிசகு நடந்தது என்று தேடுவோம். அந்த வரி வரைக்கும் உள்ளது சரி. அதற்குப் பின்னால் எழுதியது செல்லாது. தப்புக்கு அபராதம் இருந்தால் அது தனி.

கிக் ரிட்டர்னும் இதேதான். பந்தைப் பிடித்த டீமின் ஆள் யாராவது ஓட்டத்தின் நடுவே எதிராளியை முதுகுப்புறத்திலிருந்து இடித்துத் தள்ளினால், அது நடந்த இடம் வரைக்கும் ஓடியது செல்லும். அதற்குப் பின் ஓடியது செல்லாது. அங்கிருந்து 10 யார்டு பின்னால் போக வேண்டும்.

எண்ணில் பார்க்கலாம். பையன் தன் பக்கத்து 25-ஆவது யார்டில் பந்தைப் பிடிக்கிறான். ஓடுகிறான். அவன் 40-ஐத் தாண்டும் நேரத்தில் கூட்டாளி ஒருவன் அதே 40-இல் எதிராளியின் முதுகில் இடிக்கிறான். ஓடியவன் கடைசிக் கோடு வரை போய்விடுகிறான். கணக்கு: 40-லிருந்து 10 கழித்தால் 30. பந்து அங்கே வைக்கப்படும். பிடித்த இடத்தைவிட 5 யார்டு முன்னால்தான் நிற்கிறீர்கள். பந்தும் உங்களிடமே இருக்கிறது. இதற்குப் பெயரா கொள்ளை?

இன்னொரு நிலைமை. ஓடியவன் தன் பக்கத்து 45-இலேயே பிடிபட்டுவிட்டான். ஆனால் கூட்டாளி அதற்கும் முன்னால், 52-இல் போய் ஒருவனை இடித்திருக்கிறான். இப்போது 52-லிருந்து எண்ண மாட்டார்கள். பந்துதான் அங்கே போகவே இல்லையே! 45-லிருந்து எண்ணுவார்கள். பத்துப் போனால் 35. அதாவது, தப்பு நடந்த இடம், ஓட்டம் முடிந்த இடம், இரண்டில் தப்பு செய்த டீமுக்கு எது குறைவோ அங்கிருந்து. யார் செய்தாலும் தப்பால் லாபம் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான் தத்துவம்.

சரி, உதைத்த டீம் தப்பு செய்தால்? ஓடுகிறவனின் ஹெல்மெட் கம்பியைப் பிடித்து இழுத்தால் 15 யார்டு. ஓடிச் சம்பாதித்தது அப்படியே இருக்கும், அதன் தலையில் 15 கூடும். வேண்டாம் என்றால், பாதிக்கப்பட்ட டீம் பெனால்டியை மறுத்துவிட்டு ஆட்டத்தின் முடிவையே எடுத்துக்கொள்ளலாம். நம் பக்கம் 15 யார்டு கூடும்போது யாராவது "அநியாயம்" என்று கத்தி நான் கேட்டதில்லை.

பள்ளி, அமெச்சூர் ஆட்டங்களில் சில பெனால்டிகளின் நீளம் மாறலாம், சின்னச் சின்ன விதிவிலக்குகளும் உண்டு. அடிப்படைக் கணக்கு இதுதான்.

"தப்பு எங்கேயோ நடந்தது, ஓட்டத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை"

அதிகம் கேட்கும் வாதம் இது. கேட்கும்போது நியாயமாகத்தான் தெரியும்.

கிக் ரிட்டர்ன் என்பது ஒருவன் தனியாக ஓடுவதில்லை. கனடா ஆட்டத்தில் ஒரு பக்கம் 12 பேர். ஒருவன் ஓட, மிச்சம் 11 பேர் வழி அமைத்துக் கொடுக்கிறார்கள். எதிரே 12 பேர் முழு வேகத்தில் வருகிறார்கள். இந்த வயதுப் பையன் மூன்று நொடியில் இருபது யார்டு கடப்பான். இப்போது "எங்கேயோ" விழுந்து கிடக்கிறவன், மூன்று நொடி கழித்து ஓடுகிறவனின் இடுப்பைப் பிடித்திருப்பான். பிடித்திருப்பானா மாட்டானா என்பது யாருக்கும் தெரியாது, ரெஃப்ரிக்கும் தெரியாது. அந்த ஜோசியம் பார்க்கும் வேலையை விதி அவரிடம் கொடுக்கவில்லை. எங்கே நடந்தது என்று மட்டும் சொல்லச் சொல்கிறது. கண்ணால் கண்டதற்கு மட்டும் சாட்சி சொல். இதைவிட நேர்மையாக ஒரு நடுவரிடம் என்ன கேட்க முடியும்?

பெரிய ஆட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2014 நவம்பர் 30, வான்கூவரில் கிரே கப் இறுதி ஆட்டம். கால்கரி 20, ஹாமில்டன் 16. முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. ஹாமில்டனின் பிராண்டன் பேங்க்ஸ் பந்தைப் பிடித்து 90 யார்டு ஓடி டச் டவுன் போட்டுவிட்டார். கோப்பை கையில் வந்தாயிற்று. ஆனால் ஓட்டத்தின் நடுவே கூட்டாளி ஒருவர் முறைகேடாக இடித்ததற்குக் கொடி விழுந்திருந்தது. டச் டவுன் ரத்து. கோப்பை கால்கரிக்குப் போனது. ஹாமில்டன் ஊரே அழுதிருக்கும். ஆனால் லட்சக்கணக்கான பேர் பார்க்கும் இறுதி ஆட்டம், கடைசி நிமிடம், இவ்வளவு அழகான ஓட்டம் என்று பார்த்துக் கொடியைப் பையில் வைத்துக்கொண்டிருந்தால்தான் அது அநியாயம். அழகுக்குத் தனிச் சலுகை கொடுத்தால் பிறகு அது போட்டி இல்லை, கலை நிகழ்ச்சி.

அதற்கு ஐந்து வருடம் முன்னால், 2009 நவம்பர் 29, கால்கரியில் நடந்த கிரே கப். அதுவும் உதைப்பில் வந்த பெனால்டிதான். மாண்ட்ரியலின் டாமன் டுவால் கடைசி நொடியில் 43 யார்டிலிருந்து உதைத்தது கோலைத் தவறவிட்டது. சஸ்காச்சுவான் ஆட்கள் ஜெயித்துவிட்டோம் என்று குதிக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் மைதானத்தில் அவர்கள் 13 பேர்! பெனால்டி 10 யார்டு. 33 யார்டிலிருந்து மறுபடி உதைத்தார், உள்ளே போனது. மாண்ட்ரியல் 28, சஸ்காச்சுவான் 27. அந்தப் பதின்மூன்றாவது ஆள் பந்தைத் தொட்டானா? தொடவில்லை. சம்பந்தமே இல்லை என்று அவர்களும் சொல்லலாம். ஆனால் எண்ணிக்கை எண்ணிக்கைதான். ஒரு ரூபாய் குறைந்தாலும் கல்லா டேலி ஆகாது.

"சாக்கர்ல இந்தத் தொல்லையே இல்லையே"

இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் எங்கள் ஊர் ஆட்கள். அவர்கள் ஆசை எனக்குப் புரிகிறது. மூணாறு எஸ்டேட் லயங்களில் பந்தாட்டம் என்றால் சாதாரண விஷயமா? தோட்டத் தொழிலாளிகளுக்கென்றே வெள்ளைக்கார கம்பெனி நாட்களில் தொடங்கிய ஃபின்லே ஷீல்டு இருக்கிறது. எஸ்டேட்டுக்கு எஸ்டேட் டீம் கட்டி, பகலில் தேயிலைக் காட்டில் வேலை செய்த ஆட்கள் சாயங்காலம் பழகி ஆடிய ஆட்டம். அந்தப் பக்கம் பாலக்காட்டில் செவன்ஸ். டீமுக்கு ஏழு பேர், ஆஃப்சைடு பார்ப்பதில்லை, மைதானத்தைச் சுற்றிக் கேலரி கட்டி டிக்கெட் போட்டு நடத்துவார்கள். இந்த ருசியில் வளர்ந்தவர்களுக்குப் பத்து நொடி ஆடிவிட்டு நிமிடக்கணக்கில் நின்று பேசும் ஆட்டம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

ஆனால் எது அதிகத் தண்டனை என்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். சாக்கரில் ஃப்ரீ கிக் என்றால் தப்பு நடந்த இடத்தில் வைத்துத்தான் உதைக்கிறார்கள். அங்கேயும் இடம்தான் முக்கியம். பெனால்டி ஏரியாவுக்குள் மட்டும் கதை மாறுகிறது. கோலுக்கு நேரே ஒருவனைத் தடுக்கி விழவைத்தாலும் சரி, ஓரமாக மூலையில் பந்து தெரியாத்தனமாகக் கையை நீட்டியவன் மேல் பட்டு பெனால்டி கொடுத்தாலும் சரி, பந்து வைக்கும் இடம் ஒன்றே. 12 யார்டு. பெரிய தப்புக்கும் சின்னத் தப்புக்கும் அதே இடம், ஏறக்குறைய ஒரு கோல். கனடா ஆட்டத்தில் தப்புக்குத் தகுந்த யார்டு, நடந்த இடத்துக்குத் தகுந்த கணக்கு. எளிமை எது என்று கேட்டால் சாக்கர்தான். அளந்து தண்டிப்பது எது என்று கேட்டால் பதில் வேறு.

நாங்கள் எல்லைக்காரர்கள். 1956-இல் மாநிலம் பிரித்தபோது தேவிகுளம், பீர்மேட்டுக்கு எந்தப் பக்கம் கோடு விழுந்தது என்பது இன்றுவரை எங்கள் பள்ளிக்கூடத்திலும் தாலுகா ஆபீசிலும் தெரிகிறது. கோடு எங்கே என்பது அற்ப விஷயம் என்று ஒரு இடுக்கிக்காரனோ சித்தூர்க்காரனோ சொல்லவே கூடாது.

"எல்லாம் சரிங்க, நம்ம பையனைப் பார்த்துத்தான் கொடி போடறாங்க"

இந்த நாட்டில் நிறம் பார்ப்பது இல்லவே இல்லை என்று ஜல்லி அடிக்க நான் வரவில்லை. இருக்கிறது. இண்டர்வியூவில் இருக்கிறது, வாடகை வீட்டில் இருக்கிறது, மைதானத்திலும் இருக்கலாம். ஆனால் அதை நிரூபிக்க வழி இருக்கும் இடமும் உண்டு, இல்லாத இடமும் உண்டு. வேலை கிடைக்கவில்லை என்றால் ஏன் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். இங்கே கொடி எறிந்தவர் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும்: என்ன தப்பு, எந்த நம்பர் சட்டை, எத்தனை யார்டு, எங்கிருந்து. கொடி கிடக்கும் இடமே சாட்சி. கோச் கேள்வி கேட்கலாம். இன்றைக்கு எல்லார் கையிலும் வீடியோ இருக்கிறது.

சந்தேகம் இருந்தால் எழுதி வையுங்கள். ஆறு ஆட்டத்துக்கு எந்த நம்பர், என்ன தப்பு, எந்த இடம் என்று குறியுங்கள். நம் பிள்ளைக்கு மட்டும் விழுகிறது என்று தெரிந்தால் அதைக் கொண்டுபோய் லீகிடம் கொடுங்கள். நானே கூட வருகிறேன். எந்த ஆதாரமும் இல்லாமல் ஒவ்வொரு கொடிக்கும் இனவெறி என்று கத்தினால், நாளைக்கு நிஜமாகவே அது நடக்கும்போது நம் குரலுக்கு மதிப்பு இருக்காது.

இதை எங்கள் ஊர் எனக்குக் கற்றுக்கொடுத்தது. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் பகுதிகளில் அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம் என்கிறது. கவுண்டரில் நின்று சத்தம் போட்டவர்களுக்கு மனு திரும்பி வந்தது. சட்டத்தின் பெயரையும் வருடத்தையும் மேலே எழுதிக் கொடுத்தவர்களுக்கு ரசீது கிடைத்தது. விதி தெரிந்தவனோடு விளையாட எந்த அதிகாரிக்கும் தயக்கம் வரும்.

எதற்காக இவ்வளவு கண்டிப்பு

நம் பெற்றோர்கள் யோசிக்காத இடம் இதுதான். உதைப்பு ஆட்டம் என்பது இரண்டு கூட்டம் தூரத்திலிருந்து முழு வேகத்தில் ஓடிவந்து மோதுவது. மற்ற நேரத்தில் ஒரு யார்டு தூரத்தில் நின்று முட்டுகிறவர்கள், இங்கே நாற்பது யார்டு ஓடி வந்து முட்டுகிறார்கள். அமெரிக்காவின் என்எஃப்எல் 2024-இல் தன் கிக் ஆஃப் முறையையே மாற்றியதற்கு இந்த ஆபத்து ஒரு முக்கியக் காரணம்.

அமெரிக்க ஆட்டத்தில் பந்தைப் பிடிக்கப் போகிறவன் கையை உயர்த்தி ஆட்டினால் யாரும் அவனைத் தொடக் கூடாது. கனடாவில் அந்த வசதி கிடையாது. பதிலாக, பந்து வரும்வரை உதைத்த டீமின் ஆட்கள் அவனிடமிருந்து 5 யார்டு தள்ளி நிற்க வேண்டும். உதைத்தவனுக்கும், உதைத்தபோது அவனுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கும் மட்டும் விலக்கு. மீறினால் "நோ யார்ட்ஸ்". சிஎஃப்எல்-இல் பந்து தரையில் குதித்துவிட்டால் முன்பு வெறும் 5 யார்டு பெனால்டியாக இருந்தது. 2022-இல் எல்லாவற்றுக்கும் 15 என்று ஆக்கிவிட்டார்கள். ஏன்? அண்ணாந்து பந்தையே பார்த்துக்கொண்டிருக்கிற பையனுக்கு எதிரே வருகிறவன் தெரியாது. முதுகில் இடிபடுகிறவனுக்கும் அதே நிலைமைதான். இரண்டு பேருக்குமே தங்களைக் காத்துக்கொள்ள அரை நொடிகூட இல்லை.

2013-இல் ஒட்டாவாவில் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயதுப் பெண், ரக்பி ஆட்டத்தில் சில நாட்களுக்குள் திரும்பத் திரும்பத் தலையில் அடிபட்டு இறந்துபோனாள். அவள் பெயரில்தான் ஒண்டாரியோ 2018-இல் ரோவன் சட்டம் கொண்டுவந்தது. 26 வயதுக்குக் கீழே உள்ள ஆட்டக்காரர்கள், 18-க்குக் கீழ் என்றால் பெற்றோரும், மூளை அதிர்ச்சி பற்றிய விளக்கத்தைப் படித்து நடத்தை விதிகளை ஏற்றுக்கொண்டதாக உறுதி சொல்ல வேண்டும். வருடத் தொடக்கத்தில் பள்ளியும் கிளப்பும் அனுப்பும் கற்றையில் அந்தப் பேப்பரும் உண்டு. மற்ற பேப்பர்களோடு சேர்த்துப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். ஆபத்தான, தடை செய்யப்பட்ட ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்ள மாட்டோம் என்பதும் அந்த நடத்தை விதிகளில் ஒன்று.

கையெழுத்துப் போட்டவர் யார்? நீங்கள். முதுகில் இடித்ததற்குக் கொடி விழுந்தால் "விடுடா, டச் டவுன் குடுடா" என்று கத்துகிறவர் யார்? அதுவும் நீங்கள்தான். பாங்கில் இப்படி ஒரு கையால் கையெழுத்துப் போட்டு மறு கையால் மறுத்தால் அதற்கு வேறு பெயர்.

முதுகில் இடிபட்டு விழுந்தவன் வேறு யாரோ பெற்ற பிள்ளை. அடுத்த வாரம் அது உங்கள் பிள்ளையாக இருக்கலாம். அப்போது அந்தக் கொடி வேண்டும் என்றால் இப்போதும் வேண்டும்.

பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு விதி தெரியும். தப்பு செய்தவனுக்குத் தான் செய்தது தெரியும். கோச் கூப்பிட்டு, அடுத்த தடவை முதுகு தெரிந்தால் கையை எடுத்துவிடு என்று சொல்லிக்கொடுத்திருப்பார். அதைக் கற்றுக்கொள்ள வேண்டிய நேரத்தில் வேலிக்கு வெளியே அப்பா நின்றுகொண்டு "உன் மேல தப்பே இல்லைடா, அவன் மோசக்காரன்" என்கிறார். பையன் யாரை நம்புவான்? தப்பு செய்தால் காரணத்தை வெளியே தேடு என்ற பாடம் மைதானத்தோடு நிற்காது. பரீட்சைக்கும் வரும், வேலைக்கும் வரும்.

கடைசியாக ஒரு கேள்வி

அடுத்த ஆட்டத்தில் கொடி விழுந்தால் மூன்று விஷயம் பாருங்கள். கொடி எங்கே கிடக்கிறது? அந்த நேரத்தில் பந்து எங்கே இருந்தது? ஓட்டம் எங்கே முடிந்தது? இந்த மூன்றும் தெரிந்தால் ரெஃப்ரி வாயைத் திறப்பதற்கு முன்பே பந்து எங்கே வரும் என்று நீங்களே சொல்லலாம். கணக்குத் தப்பினால் கோச்சிடம் போய் மரியாதையாகக் கேளுங்கள். கணக்குச் சரியாக இருந்தால் உட்காருங்கள்.

அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. ஊரிலிருந்து வந்த நம் கூட்டத்தில் அக்கவுண்டண்ட் எத்தனை பேர், ஆடிட்டர் எத்தனை பேர், பாங்கில் எத்தனை பேர்! அடுத்தவன் தப்பைக் கண்டுபிடித்து, நடந்த தேதியும் வரியும் குறித்து, அபராதம் போட்டே சோறு தின்கிறவர்கள். ஆனால் நான் பார்த்த பள்ளி ஆட்டங்களில் கோடு போட்ட சட்டையோடு விசில் வைத்திருந்த ஒரு தமிழரைக்கூட இன்னும் பார்க்கவில்லை. ஒண்டாரியோவில் ஃபுட்பால் நடுவர் சங்கங்கள் இருக்கின்றன. பயிற்சி கொடுக்கிறார்கள், ஆட்டத்துக்குக் கொஞ்சம் பணமும் உண்டு. நடுவர்கள் பாரபட்சமானவர்கள் என்று நிஜமாகவே நம்புகிறவர்கள் முதலில் அங்கே போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். கொடி உங்கள் கையில் இருக்கும்போது, ஓடுகிறவன் நம்ம பையனாகவும் இருக்கும்போது, அதை எறிவீர்களா மாட்டீர்களா?

பதிலைப் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். ரெஃப்ரியைத் திட்டி வரும் பின்னூட்டங்களையும் போடுவேன். ஆனால் என்ன தப்பு, எந்த நம்பர், எந்த யார்டு என்று எழுதியிருக்க வேண்டும்.